நாலு பிரதியிலும் அப்படித்தான்

“தொடுகிறான்னு போட்டிருக்கு. எங்க தொடுகிறான்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஒத்திகைக் கூடத்தில் இயக்குநர் கையிலிருந்த தாளை முன்னும் பின்னும் புரட்டினார். கணவனாக நடிப்பவர் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். மனைவியாக நடிக்கும் பெண் நிற்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாகத் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நாடகத்தை முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால் முதன்முதலில் மேடையேற்றியபோது இருந்தவர்களில் இன்றும் குழுவில் மிச்சமிருப்பவன் நான் ஒருவன்தான். அந்தச் சொல்லை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தொடுகிறான் என்றால் தொடுகிறான், அதில் என்ன ‘எங்கே’ என்று எரிச்சல்தான் வந்தது.

கேள்வி கேட்டவளுடைய வேலையே இதுதான். சண்டைக்கு ஒரு மாஸ்டர், நடனத்துக்கு ஒரு மாஸ்டர் இருப்பதுபோல, நடிகர்கள் நெருங்கி நிற்கிற காட்சிகளை அமைத்துக் கொடுக்கவும் இப்போது ஆள் வந்துவிட்டார்கள். எங்கள் குழுவில் முதல் நாளே அவளுக்குத் ‘தொடுகை டீச்சர்’ என்று பெயர் விழுந்தது. வைத்தது நான்தான். முப்பது வயது இருக்கும், கூடத்தில் செருப்பில்லாமல் நடப்பாள், இடுப்பில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைச் செருகியிருப்பாள். காட்சிக்கு முன்னால் நடிக்கிற இருவரையும் எதிரெதிரே நிற்க வைப்பாள். அவரவர் கையால் அவரவர் உடம்பில் காட்ட வேண்டும்: இங்கே தொடலாம், இங்கே கூடாது, இதுவரைக்கும். அதை நோட்டில் எழுதிக்கொள்வாள். யாருடைய கை, எந்த விரல், எத்தனை எண்ணும் வரை, எல்லாம் அதில் இருக்கும். நேற்று சரி என்றதை இன்று வேண்டாம் என்றாலும் முகம் சுளிக்காமல் அடித்துவிட்டு எழுதுவாள்.

மனைவியாக நடிக்கும் பெண் அன்று தன் தலையைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டு, “தலைமுடி வேணாம்” என்றாள்.

“ஏம்மா, முடியில என்ன இருக்கு?” என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

“காரணம் வேணாம் சார்,” என்றாள் டீச்சர். “அவங்க வளர்ந்த வீட்டுல எதுக்கு என்ன அர்த்தமோ, நமக்குத் தெரியாது. தெரிஞ்சாதான் விடுவோம்னு நாம சொல்லவும் கூடாது. வேணாம்னா வேணாம்.”

நான் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலத்தில் இப்படி ஆளாளுக்கு வேலி போட்டிருந்தால் நாடகம் திரைக்கு இந்தப் பக்கமே வந்திருக்காது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் டீச்சர் அடுத்த கேள்வியைக் கேட்டாள். “எழுதினவர் கைப்பட எழுதின பிரதி இருக்கா? அவர் என்ன நினைச்சாருன்னு ஒரு தடவை பாத்துட்டா நல்லது.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “கார்பன் அண்ணாகிட்ட இருக்கும்,” என்றார் கணவனாக நடிப்பவர்.

கார்பன் என்பது நான்தான். இருபத்தேழு வயதில் இந்தக் குழுவில் சேர்ந்தபோது எனக்கு நடிக்க வராது, பாட வராது, மேக்கப் போட்டால் என் முகத்தை எனக்கே அடையாளம் தெரியாது. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அதனால் நாடகத்தைப் படியெடுக்கிற வேலையும், மேடையின் பக்கவாட்டில் மறைவாக உட்கார்ந்து வசனம் மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுக்கிற வேலையும் எனக்கு வந்தன. ஒரு தாள், ஒரு கார்பன், ஒரு தாள், ஒரு கார்பன் என்று அடுக்கி, நாலு பிரதிக்கும் விழுகிற மாதிரி பேனாவை அழுத்தி எழுதுவேன். விரல் நுனியெல்லாம் நீலமாக இருக்கும். வீட்டில் தண்ணீர் குடித்த டம்ளரில், கதவில், தலையணை உறையில் எல்லாம் நீலக் கைரேகை. “போலீஸ்காரனுக்கு வேலையே இல்ல, இந்த வீட்டுல எல்லாத்தையும் யார் தொட்டான்னு எழுதி வச்சிருக்கு” என்று அம்மா திட்டுவாள்.

அம்மா திட்டும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பவள் என் தங்கை. அவள் சிரிப்பு விக்கல் மாதிரி விட்டு விட்டு வரும், தொடங்கினால் நிற்காது. என்னைவிட ஐந்து வயது சின்னவள். வீட்டில் பாப்பா, இன்றைக்கும் பாப்பாதான். நான் படியெடுத்துக்கொண்டிருக்கும்போது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்து, துணி காயப்போடும்போது அந்த வசனங்களைப் பேசிப் பார்ப்பாள். ராஜா வசனத்தையும் அவளே பேசுவாள், வேலைக்காரி வசனத்தையும் அவளே பேசுவாள், நடுவில் ஈரத் துணியை உதறுவது ஆயிரம் பேர் கைதட்டுகிற மாதிரி கேட்கும். ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் குழுவில் காட்டினேன். ஒரே வாரத்தில் அவள் இல்லாமல் வேன் கிளம்பாது என்று ஆகிவிட்டது. ஊர் ஊராகப் போகும் அந்த வேனில் ஜன்னல் ஓரம் அவளுக்கு, நடுவில் பெட்டிகள், அதன் மேல் நான். பாட்டு வரிகளை வேண்டுமென்றே தப்பாகப் பாடி என்னைத் திருத்த வைப்பாள். அந்த நாலு வருடம்தான் என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம். இன்றைக்கு யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

இந்த நாடகம் எங்கள் கைக்கு வந்தபோது எழுதியவர் உயிரோடு இல்லை. அவர் மனைவி ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்த கத்தையைத்தான் நான் இரண்டே நாளில் படியெடுத்தேன். ஏழு வருடம் வீட்டை விட்டுப் போயிருந்த கணவன் திரும்பி வருகிறான். மனைவி ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறாள். அவன் ஏதேதோ பேசுகிறான். அப்புறம் என் நாலு பிரதியிலும் இப்படி இருந்தது: அவள் திரும்பவில்லை. அவன் தொடுகிறான்.

பாப்பாதான் மனைவி. கணவனாக நடித்தவரை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவோம். கலகலப்பான மனிதர், போகிற ஊரில் எல்லாம் எல்லோருக்கும் ஏதாவது வாங்கித் தருவார், யாருக்கும் அவரைப் பற்றிக் குறை சொல்ல வராது. முதல் சில ஆட்டங்களில் விரல் நுனியால் அவள் தோளைத் தொட்டார். சபையில் மூச்சுச் சத்தம் கேட்காது. பாப்பாவின் தோள் ஒரு துளி நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார்கள், ‘இதுவல்லவோ நடிப்பு’ என்று. நான் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தேன். பத்து ஆட்டம் போனதும் கை கழுத்துக்கு வந்தது. இருபதில் முதுகு. அப்புறம் இடுப்பு, சில நாள் அங்கேயே நின்றுவிடும். பிரதியில் எங்கே என்று எழுதியிருக்கவில்லையே. நான் பக்கவாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன், விரலை வரியின் மேல் வைத்தபடி.

ஒருநாள் ஆட்டத்துக்கு முன்னால் அவள் என்னிடம் வந்தாள். பாதி மேக்கப் போட்டிருந்தாள்.

“அண்ணா, அந்த இடத்துல தொடணும்னு நிஜமாவே எழுதியிருக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. என் பிரதியை ஒருவர் சந்தேகப்படுவதா, அதுவும் வீட்டு ஆளே. “என் கையால எழுதினேன், எனக்குத் தெரியாதா?” என்றேன். அதோடு விடவில்லை. என் பிரதியைத் திறந்து காட்டினேன். இயக்குநரின் பிரதியை வாங்கிக் காட்டினேன். நெட்டையின் பிரதியையும் காட்டினேன். “பாரு, நாலு பிரதியிலும் அப்படித்தான் இருக்கு” என்றேன். ஒரே பேனா அழுத்தத்தில் விழுந்த நாலு தாள். அவை ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதை நான் அத்தாட்சி என்று நினைத்தேன். மஞ்சள் பை அப்போது உடைப் பெட்டிக்கு அடியில்தான் இருந்தது. பெட்டியைத் தூக்கச் சோம்பல்.

“சரி,” என்று சொல்லிவிட்டு அவள் மீதி மேக்கப்பைப் போடப் போனாள்.

நாற்பத்து மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் உடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, “இனிமே வரல” என்றாள். ஏன் என்று எத்தனை பேர் கேட்டும் பதில் இல்லை. அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று நானே குழுவில் பூசி மெழுகினேன். வீட்டில் அவளைப் பொறுப்பில்லாதவள் என்று கத்தினேன். இரண்டு வருடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவளுக்குக் கல்யாணம், பிள்ளைகள், எனக்குச் சர்க்கரை, அவளுக்கு மூட்டுவலி என்று எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. நாடகம் பார்க்க மட்டும் அவள் வரவே இல்லை. கூப்பிட்டால் தையல் வேலை இருக்கிறது என்பாள்.

டீச்சர் கேட்ட மறுநாள் காலையில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த மஞ்சள் பையை இறக்கினேன். பல குழுத்தலைவர்கள் மாறி, கடைசியில் அது என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. உள்ளே தாள்களின் ஓரம் உதிர்ந்திருந்தது. அவர் கையெழுத்து அவசரக் கையெழுத்து, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிற பழக்கம் அவருக்கு அவ்வளவாக இல்லை. ஜன்னல் காட்சியைத் தேடி எடுத்தேன்.

அவள் திரும்பவில்லை. அவன் தொடர்கிறான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன். புள்ளி இல்லாத அந்த ர, முன்னால் இருந்த ட-வின் காலோடு ஒட்டிக்கொண்டு பார்க்க டு மாதிரிதான் இருந்தது. ஆனால் டு இல்லை. அடுத்த வரியில் கணவனின் பேச்சு: “இந்த ஜன்னல் இன்னும் சரியா சாத்த வரலையா?” அவன் பேச்சைத் தொடர்கிறான், அவ்வளவுதான். தள்ளி நின்று, அவள் முதுகிடம் பேசிக்கொண்டே இருக்கிறான். அந்த மனிதர் எழுதியது அதுதான். தலையெழுத்து தலையெழுத்து என்று எதற்கெடுத்தாலும் சொல்லிக்கொள்கிறோம், பாப்பாவுக்கு நடந்தது முழுக்க என் கையெழுத்து. காபி ஆறிப் போய் ஆடை கட்டியது. என் மனைவி வந்து, “என்ன, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். இயக்குநர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “கார்பன் சார், தப்பாவே இருக்கட்டும். அந்தத் தொடுதல்தானே இந்த நாடகத்துக்கே உயிர்னு ஊரே சொல்லுது. அதை எப்படி எடுக்கிறது?”

“எடுக்கலாம், வைக்கலாம். நடிக்கிறவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வந்து சொல்லட்டும்,” என்றாள் டீச்சர். பிறகு என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, “முன்னாடி இதைப் பண்ணினது யாரு?” என்றாள்.

“என் தங்கச்சி.”

அவள் நோட்டைத் திறக்கவில்லை. “அவங்களுக்குத் தெரியுமா?”

“இல்ல,” என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

இரண்டு நாள் அலைக்கழிந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் இருக்கிற ஒரே தங்கையும் இல்லாமல் போய்விடுவாள். அம்மா போன பிறகு என்னை உரிமையோடு திட்ட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது போனில், மாத்திரை போட்டாயா என்று கேட்கிறவள். அதை இழந்துவிடுவேனோ என்றுதான் பயந்தேன். ஆனால் மஞ்சள் பை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மதியம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவள் கடை ஒரு குறுகலான அறை. இரண்டு தையல் மெஷின், வெட்டுகிற மேஜை, சுவர் முழுக்கத் தொங்கும் துணிகள், போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஆளுயரக் கண்ணாடி. தெருப் பக்கம் கண்ணாடிக் கதவு. நான் போனபோது ஒரு சட்டையின் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். உதட்டுக்கு நடுவில் ஐந்தாறு குண்டூசிகள். கண்ணாலேயே ஸ்டூலைக் காட்டினாள். நல்லதாகப் போயிற்று, வாயில் ஊசி இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்று நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கேட்ட கேள்வி, மஞ்சள் பை, ர, புள்ளி, டு, நாலு பிரதி. அந்தத் தாளை அவள் முன்னால் மேஜையில் வைத்தேன்.

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுத் திண்டில் குத்தினாள். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பிறகு சிரித்தாள். அதே விக்கல் சிரிப்பு. எத்தனை வருடம் ஆகிவிட்டது அதைக் கேட்டு! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

“ஒரு புள்ளியா?” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“ஒரு புள்ளிதான் பாப்பா.”

“சரி, அந்த மனுஷன் தொடுகிறான்னே எழுதியிருந்தா?”

எனக்குப் புரியவில்லை.

“நிஜமாவே அப்படித்தான் எழுதியிருந்தாருன்னு வச்சுக்கோ. அப்ப நான் பட்டதெல்லாம் சரியா? நீ இன்னிக்கு இங்க வந்திருக்க மாட்ட, இல்ல?”

நான் மறுபடி அந்தத் தாளைப் பார்த்தேன்.

“நீ உக்காந்திருந்த இடத்துக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்? பத்தடி?”

“எட்டடி,” என்றேன். அடி எடுத்துக் கொடுக்கிறவனுக்கு அந்தக் கணக்கு மறக்காது.

“எட்டடி.” சட்டையின் கையை நீவிவிட்டாள். “எழுத்து தப்பானது எனக்குப் பெருசா தெரியல அண்ணா. அவசரத்துல யாருக்கும் வரும். நான் வந்து உன்கிட்ட கேட்டேன். நீ பேப்பரைப் பாத்த. ஒண்ணுக்கு மூணு பேப்பரைப் பாத்த. என் மூஞ்சியை நீ பாக்கல.”

தெருவில் யாரோ ஒரு லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்பது அண்ணன் தங்கைக்குள் பழக்கமில்லாத விஷயம், வாய் கூசியது. கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் கேட்டாளா என்று தெரியவில்லை.

“இப்ப நடிக்கிற பொண்ணு எப்படி?” என்றாள்.

“நல்லா பண்றா. முடியைத் தொடக் கூடாதுன்னுட்டா.”

“ஏனாம்?”

“கேக்கல. அந்த டீச்சர் காரணம் கேக்கவே விட மாட்டா.”

அவள் கை நின்றது. “காரணமே இல்லாமலா விட்டாங்க?”

“ஆமா.”

“எனக்கு அதான் அண்ணா கிடைக்கல,” என்றாள். “ராத்திரி பகலா யோசிப்பேன், ஒரு நல்ல காரணம் கிடைச்சா உன்கிட்ட சொல்லலாம்னு. எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான் இருந்துச்சு. அதைப் போய் ஒரு காரணம்னு எப்படிச் சொல்றது, ஊரே கைதட்டும்போது?” கண் கலங்கவில்லை. அளவு சொல்கிற குரலில்தான் சொன்னாள். எனக்குத்தான் உட்கார வேண்டும்போல் இருந்தது. அவள் காட்டிய ஸ்டூல் அங்கேயே இருந்தது, உட்காரத் துணிவில்லை.

“நீங்க அதை எடுக்கிறீங்களா, வைக்கிறீங்களா?”

“தெரியல. ரெண்டு பேரும் வியாழக்கிழமை சொல்லணும்.”

“ம்.” அந்தத் தாளை எடுத்து மஞ்சள் பையில் மற்றவற்றோடு வைத்தாள். “இது இங்கயே இருக்கட்டும். நான் படிச்சுட்டுச் சொல்றேன், அப்புறம் வந்து வாங்கிக்கோ. இப்ப கிளம்பு.” வழக்கமாக வாசல் வரை வந்து மாத்திரையை ஞாபகப்படுத்துவாள். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்தேன். எதிர்ப்பக்கம் மூடிக் கிடந்த ஒரு கடையின் நிழலில் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து, தெருவுக்கு முதுகைக் காட்டி, தொங்கும் துணிகளுக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் தாள் இல்லை. பை மேஜையிலேயே கிடந்தது. ஆளுயரக் கண்ணாடியில் அவள் முகத்தின் ஒரு பக்கம் தெரிந்தது. அந்தக் காலத்தில் வசனம் பேசிப் பார்த்ததுபோல உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. ஒரு கையைத் தூக்கி இறக்கினாள். ஒரு இடத்தில் புருவம் ஏறியது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

திடீரென்று உதடு நின்றது. மேடையில் ஒருவர் அப்படி நின்றால், அது வசனத்தில் உள்ள மௌனமா, இல்லை மறந்துவிட்டதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். அந்த ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவள் எந்த வரியில் நிற்கிறாள் என்று எவ்வளவு பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. துணிகளுக்கு நடுவே எங்கேயோ பார்த்தபடி, வாய் லேசாகத் திறந்து நின்றுகொண்டிருந்தாள்.